பனிக்கு அடியில் எரிமலை: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இப்பகுதியில், 2010ஆம் ஆண்டு ஐரோப்பாவின் விமானப் போக்குவரத்தை நாள்கணக்கில் முடக்கிய ஐஸ்லாந்து எரிமலையைப் பற்றிய ஒரு கேள்விக்கு நான்கே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அந்த எரிமலை ஒரு பனியாற்றின் அடியில் இருந்தது என்று போகிற போக்கில் குறிப்பிட்டதுதான் தாமதம், அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது. ஆகவே இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்குகிறேன்.

நெருப்பின் மேல் பனிக்கட்டியை வைத்தால் நெருப்பு அணைந்துவிடும். நூற்றுக்கணக்கான மீட்டர் பனிக்கு அடியில் எரிமலை மட்டும் எப்படி அணையாமல் இருக்கிறது?
(பள்ளி மாணவி, கோவில்பட்டி)

எரிமலை என்ற நம் சொல்லுக்குள்ளேயே எரிதல் இருப்பதால் எழும் ஐயம் இது. உண்மையில் எரிமலையில் எதுவும் எரிவதில்லை. விறகு எரிவதற்குக் காற்று வேண்டும், அதை மூடினாலும் நனைத்தாலும் அணைந்துவிடும். எரிமலை வாயிலிருந்து வருவதோ நிலத்தின் ஆழத்திலேயே உருகிய பாறைக்குழம்பு. அதற்குக் காற்றும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். ஐஸ்லாந்தில் வெளிவரும் பசால்ட் வகைக் குழம்பின் வெப்பநிலை ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ். பனியைத் தொட்டால் அது ஆறும். ஆறும்போது தன்னிடமுள்ள வெப்பத்தையெல்லாம் பனிக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஆறும்.

அந்த வெப்பம் எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் ஆற்றல் போதும். ஒரு கிலோ பாறைக்குழம்பு உறைந்து, பனியின் குளிருக்கு இறங்கும்போது 1,500 கிலோஜூல் அளவுக்கு ஆற்றலை வெளியிடுகிறது. பாறை பனியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கன மீட்டர் குழம்பின் வெப்பம் முழுவதும் பனிக்கே போய்ச் சேருமானால், பத்துக் கன மீட்டருக்கும் அதிகமான பனி உருகிவிடும். பனிக்கு அடியில் எரிமலை வெடிக்கிறது என்று கேட்டவுடன் நம் மனம் நெருப்பை நினைக்கிறது. அங்கே வாழ்பவர்கள் முதலில் நினைப்பது தண்ணீரைத்தான்.

மேலிருந்து பார்ப்பவர்களுக்குத் தொடக்கத்தில் புகையோ தீப்பிழம்போ தெரியாது. வெண்மையான பனிச்சமவெளியில் ஓரிடம் மட்டும் கிண்ணம் போல மெல்லக் குழிந்து இறங்கும், குழியைச் சுற்றி வட்ட வட்டமாக விரிசல்கள் ஓடும். கீழே பனி உருகி நீராகிவிட்டது, கூரை தாழ்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

1996இல் ஐஸ்லாந்தில் பனிக்கடியில் எரிமலை வெடித்து, ஒரு மாதத்துக்கும் மேல் கழித்துத்தான் வெள்ளம் வந்தது என்று படித்தேன். அத்தனை நாள்களும் அந்தத் தண்ணீர் எங்கே இருந்தது?
(ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி)

இந்த மாதத்தில் வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஐஸ்லாந்தின் தென்கிழக்கில் வாட்னயோகுல் என்ற மாபெரும் பனிக்கவிகை, அதாவது நிலத்தைக் குடை போல மூடிய பனிப்படலம், இருக்கிறது. அதன் பரப்பு சுமார் 7,700 சதுர கிலோமீட்டர், சராசரித் தடிமன் ஏறத்தாழ 400 மீட்டர். அதன் அடியில் பல எரிமலைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான கிரிம்ஸ்வோட்ன்தான் ஐஸ்லாந்தில் மிக அதிகமுறை வெடித்த எரிமலை. அதன் வாய்ப்பகுதியான பெருங்குழியில், பனிக்கூரைக்குக் கீழே ஓர் ஏரி மறைந்திருக்கிறது. வெடிப்பு இல்லாத காலத்திலும் நிலத்தின் வெப்பம் பனியை இடைவிடாமல் உருக்கிக்கொண்டே இருப்பதால், அந்த ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் ஏறிக்கொண்டே போகும்.

1996 செப்டம்பர் 30 அன்று இரவு, கிரிம்ஸ்வோட்னுக்கு வடக்கே கியால்ப் என்று பின்னர் பெயரிடப்பட்ட இடத்தில், பனிக்கு அடியில் நிலம் பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து பாறைக்குழம்பு வெளிவரத் தொடங்கியது. அங்கே பனியின் தடிமன் 500 மீட்டருக்கும் அதிகம். மறுநாள் காலை விமானத்தில் சென்று பார்த்தவர்கள் பனியின் மேற்பரப்பு குழிந்திருப்பதைக் கண்டார்கள். தொடங்கி முப்பது மணி நேரத்துக்குள் அந்தப் பனி முழுவதையும் துளைத்துக்கொண்டு சாம்பலும் நீராவியும் மேலே வந்துவிட்டன. வெடிப்பு பதின்மூன்று நாள்கள் நீடித்தது. அதற்குள் உருகிய நீர் கியால்ப்பில் தேங்கி நிற்காமல், பனியின் அடித்தரையோடு தெற்கே ஓடி, கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் சேர்ந்தது. நீங்கள் கேட்ட அந்த நாள்களில் தண்ணீர் இருந்த இடம் அதுவே.

அது ஏன் அந்தத் திசையில் ஓடியது என்பது இன்னும் சுவையான செய்தி. திறந்த நிலத்தில் ஓடும் நீர் பள்ளத்தை நோக்கி ஓடும். பனிக்கு அடியில் அகப்பட்ட நீருக்கோ தலைக்கு மேலுள்ள பனியின் எடைதான் எஜமான். தடித்த பனி அதிகமாக அழுத்துகிறது, மெல்லிய பனி குறைவாக அழுத்துகிறது, நீர் அழுத்தம் குறைந்த பக்கமாகப் பிதுங்கிச் செல்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், அடித்தரையின் சரிவைவிடப் பனியின் மேற்பரப்புச் சரிவுக்கு அதன் மீது பத்து மடங்குக்கும் மேலான ஆதிக்கம் உண்டு. ஆகவே அடித்தரையில் ஒரு மேடு குறுக்கிட்டாலும், மேலே பனி சரிந்திருக்கும் திசையில் நீர் அந்த மேட்டின் மீதே ஏறிக் கடந்துவிடும். கிரிம்ஸ்வோட்னின் மேல் பனி குழிந்திருப்பதால் சுற்றுவட்டார நீர் அங்கே வந்து சேர்கிறது. ஏரியைச் சுற்றிலும் நிற்கும் தடித்த பனியே அதற்கு அணையாகவும் அமைந்துவிடுகிறது.

ஆனால் பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும் பொருள். ஏரியின் நீர்மட்டம் அணையாக நிற்கும் பனியின் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு உயர்ந்துவிட்டால், நீரின் அழுத்தம் அந்தப் பனியையே தரையிலிருந்து தூக்கிவிடும். வழக்கமாக அதற்கு முன்பே எங்கேனும் ஒரு சிறு கசிவு தொடங்கி, ஓடும் நீரின் வெப்பத்தாலேயே அந்தச் சுரங்கம் அகன்று, வெள்ளம் பல நாள்களில் படிப்படியாகப் பெருகும். 1996இல் நடந்தது வேறு. நீர்மட்டம் வழக்கமான வெள்ள வரம்பைப் பல பத்து மீட்டர் கடந்து ஏறியும் அணை தாங்கியது. அக்டோபர் முழுவதும் ஆய்வாளர்கள் அதைக் கண்காணித்தார்கள். நெடுஞ்சாலைத் துறையினர் கரைகளைப் பலப்படுத்தி, வெள்ளம் விலகிச் செல்லச் சில இடங்களில் வழியும் வெட்டி வைத்தார்கள். நவம்பர் 4 இரவில் நில அதிர்வுமானிகள் முணுமுணுக்கத் தொடங்கின. மறுநாள் காலையில், ஏரியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், பனியாற்றின் விளிம்பு முழுவதிலும் கருத்த சேற்று நீர் பீறிட்டுக் கிளம்பியது.

அன்று பகலும் இரவும் அந்த வெள்ளம் வினாடிக்கு 45,000 கன மீட்டர் அளவை எட்டியது. நம் செய்தித்தாள்களின் வழக்கப்படி சொன்னால் வினாடிக்கு ஏறத்தாழ 16 லட்சம் கன அடி. இரண்டு நாள்களுக்குள் 300 கோடி கன மீட்டருக்கு மேற்பட்ட நீர் கடலில் கலந்தது. பனியாற்றின் விளிம்பிலிருந்து வெள்ளம் பிய்த்தெடுத்த பனிப்பாளங்களில் சில ஆயிரம் டன் எடையுள்ளவை. ஸ்கெய்தரார்சாண்டூர் என்ற கருமணல் சமவெளியில், தீவைச் சுற்றிவரும் நெடுஞ்சாலையின் பாலங்களில் ஒன்று முற்றிலும் அடித்துச் செல்லப்பட்டது, வேறொரு நீண்ட பாலத்தின் ஒரு பகுதி உடைந்தது. முறுக்கிய துணியைப் போல வளைந்துபோன அந்த இரும்பு உத்தரங்கள் இன்றும் சாலையோரத்தில் நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டுள்ளன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. சாலை முன்கூட்டியே மூடப்பட்டிருந்தது.

இத்தகைய வெள்ளத்துக்கு ஐஸ்லாந்து மொழியில் யோகுல்லொய்ப் என்று பெயர். யோகுல் என்றால் பனியாறு, லொய்ப் என்றால் ஓட்டம். உலகெங்கும் புவியியலாளர்கள் அச்சொல்லையே எடுத்தாள்கிறார்கள்.

எரிமலை வெடித்து வெள்ளம் வருவது போல, வெள்ளத்தால் எரிமலை வெடிப்பதும் உண்டா?
(வாசகர், ஈரோடு)

உண்டு. 2004ஆம் ஆண்டு இறுதியில் கிரிம்ஸ்வோட்ன் ஏரி உடைத்துக்கொண்டு வடியத் தொடங்கிய சில நாள்களில் எரிமலை வெடித்தது. கீழே பாறைக்குழம்பு ஏற்கெனவே நிரம்பி, வெளிவரும் தறுவாயில் இருந்தது. மேலே அழுத்திக்கொண்டிருந்த நீரின் சுமை சட்டென்று குறைந்ததும் வழி திறந்துகொண்டது. குழம்பு தயாராக இல்லாத காலத்தில் ஏரி எத்தனை முறை வடிந்தாலும் எதுவும் நடப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2010இல் வெடித்தது ஒன்றும் பெரிய எரிமலை இல்லை என்கிறார்கள். பிறகு எப்படி ஒரு கண்டத்தின் விமானங்கள் அனைத்தும் நின்றன? அந்த எரிமலையின் பெயரை எப்படி உச்சரிப்பது?
(பயண முகவர், மதுரை)

பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். எய்யாஃப்யாட்லயோகுல் என்பது ஏறத்தாழச் சரியான ஒலிப்பு. தீவு, மலை, பனியாறு என்ற மூன்று சொற்கள் சேர்ந்த பெயர் அது. ஐஸ்லாந்தின் தென்கரையை ஒட்டிய சிறு தீவுகளை நோக்கி நிற்கும் மலைகளின் மேலுள்ள பனியாறு என்று பொருள் கொள்ளலாம்.

அந்த ஆண்டு மார்ச் 20 அன்று அதே மலையின் பனி இல்லாத பக்கவாட்டில் ஒரு பிளவு திறந்து, அமைதியாகக் குழம்பு வழிந்தது. மக்கள் சுற்றுலாவாகச் சென்று பார்த்தார்கள். ஏப்ரல் 14 அன்று வெடிப்பு மலையுச்சிக்கு இடம் மாறியது. அங்கே எரிமலை வாயை 200 மீட்டர் அளவுக்குப் பனி மூடியிருந்தது. அடுப்பிலிருந்து எடுத்த சூடான கண்ணாடிப் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்தால் அது சிதறிவிடும் அல்லவா? பாறைக்குழம்பு உருகுநீரைத் தொடும்போது நடப்பதும் அதுவே. வெளிப்புறம் நொடியில் கண்ணாடியாக உறைந்து சிதறுகிறது. தொட்ட நீர் ஆவியாகி, வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 1,700 மடங்கு விரிந்து, அந்தச் சிதறல்களை மேலும் நுணுக்கி மேலே வீசுகிறது. குழம்பிலும் வாயுக்கள் மிகுந்திருந்தன. இரண்டும் சேர்ந்து மாவு போன்ற மென்சாம்பலை எட்டு, ஒன்பது கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டு சென்றன. அந்நாள்களில் வீசிய காற்றும் நேராக ஐரோப்பாவை நோக்கி இருந்தது.

அந்தச் சாம்பல் விமான எஞ்சினுக்குள் புகுந்தால், உள்ளிருக்கும் வெப்பத்தில் மீண்டும் உருகிச் சுழலிகளின் மேல் கண்ணாடிப் பூச்சாக ஒட்டிக்கொள்ளும். இது வெறும் அச்சமில்லை. 1982 ஜூன் 24 அன்று, லண்டனிலிருந்து பம்பாய், சென்னை, கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று, இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் சிக்கி நான்கு எஞ்சின்களையும் இழந்து, பின்னர் அவை மீண்டும் இயங்கியதால் ஜகார்த்தாவில் தரையிறங்கியது. அந்த அனுபவம் நினைவில் இருந்ததால்தான் 2010இல் ஏறத்தாழ ஒரு லட்சம் விமானப் பயணங்களை ரத்து செய்யத் துணிந்தார்கள்.

அந்தச் சாம்பல் மேகத்தைப் பற்றி உலகமே பேசியது. மலையடிவாரத்தில் ஏப்ரல் 14 காலை நடந்ததை மிகச் சிலரே பேசினார்கள். உருகிய நீர் மலையின் வடபுறமாக இறங்கி வருகிறது என்று தெரிந்ததும், சுமார் 800 பேர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மார்க்கார்ஃப்லியோட் ஆற்றுப் பாலத்தைக் காப்பாற்ற, பாலத்துக்கு அருகே நெடுஞ்சாலையைச் சாலைப் பணியாளர்கள் மண்வெட்டும் இயந்திரத்தால் தாங்களாகவே வெட்டி, வெள்ளத்துக்கு வழி விட்டார்கள். சாலை போனது, பாலம் நின்றது. சாலையைச் சில நாள்களில் போட்டுவிடலாம், பாலத்தைக் கட்ட மாதங்கள் ஆகும். நெருக்கடி நேரத்தில் இப்படி ஒரு முடிவை எடுக்க முடிந்தது, அதைப் பற்றி முன்பே யோசித்து வைத்திருந்ததால்தான் என்று நான் கருதுகிறேன்.

பனி மூடிய எரிமலைகளால் மிக அதிகமான மக்கள் இறந்தது எங்கே?
(ஆசிரியை, யாழ்ப்பாணம்)

கொலம்பியாவில். எழுதும்போது கை தயங்கும் பதில் இது.

நெவாடோ டெல் ரூயிஸ் என்பது ஆண்டீஸ் மலைத்தொடரில் 5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து, உச்சியில் பனி மூடி நிற்கும் எரிமலை. 1985 நவம்பர் 13 அன்று இரவு ஒன்பது மணியளவில் அது வெடித்தது. எரிமலையியலாளர்களின் அளவுகோலில் அது பெரிய வெடிப்பு இல்லை. உச்சியிலிருந்த பனியிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே உருகியது. ஆனால் சூடான சாம்பலும் கற்களும் பனியின் மேல் பாய்ந்து உழுதுகொண்டே உருக்கியதால் நீர் ஒரே நேரத்தில் திரண்டது. அந்த நீர் செங்குத்தான பள்ளத்தாக்குகளில் இறங்கும்போது வழியிலிருந்த மண்ணையும் பாறையையும் மரங்களையும் அள்ளிச் சேர்த்து, ஈரமான சிமெண்ட் கலவையைப் போன்ற சேற்று வெள்ளமாக மாறியது. இவ்வகை வெள்ளத்தை லகார் என்பார்கள். ஜாவாவின் மொழியிலிருந்து வந்த சொல் அது. மலையில் புறப்பட்டபோது இருந்ததைவிடப் பல மடங்கு பெருத்து, எழுபது கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, இரவு பதினொன்றரை மணியளவில் அது அர்மேரோ என்ற ஊரை அடைந்தது. ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. மற்ற பள்ளத்தாக்குகளில் இறந்தவர்களையும் சேர்த்து, சுமார் 23,000 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அர்மேரோவைச் சேர்ந்தவர்கள்.

இதில் என் மனம் ஆறாத செய்திகள் இரண்டு உண்டு. ஒன்று, அந்த ஊர் அமைந்திருந்த நிலமே பழைய சேற்று வெள்ளங்கள் கொண்டுவந்து பரப்பிய நிலம். 1595இலும் 1845இலும் அதே மலை வெடித்து, அதே பள்ளத்தாக்கு வழியாக அதே இடத்துக்குச் சேறு வந்திருக்கிறது. மற்றொன்று, எங்கெங்கே சேறு பாயக்கூடும் என்று காட்டும் வரைபடம் வெடிப்புக்கு ஒரு மாதம் முன்பே, 1985 அக்டோபரில், தயாராகிவிட்டது. அதில் அர்மேரோ ஆபத்துப் பகுதிக்குள் இருந்தது. வெடிப்புக்கும் சேறு வந்து சேர்ந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. அர்மேரோவின் அருகிலுள்ள மேட்டு நிலத்துக்கு நடந்தே போயிருக்கலாம். அன்று மாலை சாம்பல் தூவியபோது மக்களுக்குச் சொல்லப்பட்டது, அமைதியாக வீட்டுக்குள் இருங்கள் என்பதே.

கொலம்பியா அதிலிருந்து கற்றுக்கொண்டது. 2007 ஏப்ரலில் அதே நாட்டின் மற்றொரு பனி எரிமலையான நெவாடோ டெல் உயிலா வெடித்து, பள்ளத்தாக்கில் பெரும் சேற்று வெள்ளம் இறங்கியபோது, ஆயிரக்கணக்கான மக்கள் உரிய நேரத்தில் மேடேறிவிட்டதால் உயிரிழப்பு ஏற்படவில்லை.

கட்லா என்ற எரிமலை எந்த நேரமும் வெடிக்கும் என்று இணையக் காணொளிகளில் அச்சுறுத்துகிறார்கள். உண்மையா?
(வாசகர், சேலம்)

எந்த நேரமும் என்பது மிகை. ஆனால் கட்லாவை அலட்சியம் செய்ய முடியாது என்பது உண்மை. எய்யாஃப்யாட்லயோகுல்லுக்குக் கிழக்கே, மிர்தால்ஸ்யோகுல் என்ற பனிக்கவிகையின் அடியில் அது இருக்கிறது. ஐஸ்லாந்தில் மக்கள் குடியேறிய ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஏறத்தாழ இருபது முறை வெடித்திருக்கிறது. கடைசிப் பெருவெடிப்பு 1918 அக்டோபர் 12 அன்று நிகழ்ந்தது.

அக்டோபர் மாதம் மேய்ச்சல் நிலங்களிலிருந்து ஆடுகளைத் திரட்டி வீட்டுக்கு ஓட்டிவரும் காலம். அன்று சமவெளியில் ஆடு திரட்டிக்கொண்டிருந்தவர்கள், தூரத்தில் பனிப்பாளங்களைச் சுமந்துகொண்டு ஒரு கருஞ்சுவர் நகர்ந்து வருவதைக் கண்டு, ஆடுகளை விட்டுவிட்டுக் குதிரைகளில் பறந்து மயிரிழையில் தப்பினார்கள். அந்த வெள்ளத்தின் உச்ச அளவு வினாடிக்கு 3 லட்சம் கன மீட்டர் வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அமேசான் ஆற்றின் சராசரி ஓட்டமே வினாடிக்கு 2 லட்சம் கன மீட்டரைச் சற்றே தாண்டும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அமேசான் ஆண்டு முழுவதும் ஓடுகிறது, கட்லாவின் வெள்ளமோ சில மணி நேரம்தான் ஓடியது. அது கொண்டுவந்த மணலால் கடற்கரையே கடலுக்குள் நீண்டுவிட்டது.

அந்தக் கரையில் வீக் என்ற சிற்றூர் இருக்கிறது. ஊரின் தேவாலயம் ஒரு குன்றின் மேல் நிற்கிறது. கட்லா வெடித்தால் அங்கே ஏறிச் சேர வேண்டும் என்பது ஊராருக்குப் பாடம், அதற்கான ஒத்திகைகளும் நடப்பதுண்டு.

வாட்னயோகுல்லின் தென்விளிம்பிலுள்ள ஓரைவயோகுல் மலையையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1362இல் அது வெடித்ததில் அடிவாரத்திலிருந்த செழிப்பான வட்டாரம் ஒன்று முற்றிலும் அழிந்தது. மீண்டும் மக்கள் வந்து குடியேறியபோது அந்த நிலத்துக்கு வழங்கிய பெயர் ஓரைவி. பாழ்நிலம் என்பது அதன் பொருள்.

அண்டார்க்டிகாவிலும் பனிக்கடியில் எரிமலைகள் உண்டா? அங்குள்ள இந்திய ஆய்வு நிலையங்களுக்கு ஆபத்து இருக்கிறதா?
(கல்லூரி மாணவர், சென்னை)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மைத்ரி, பாரதி ஆகிய இரண்டு நிலையங்களும் கிழக்கு அண்டார்க்டிகாவில் உள்ளன. எரிமலைகள் பெரும்பாலும் செறிந்திருப்பது மேற்கு அண்டார்க்டிகாவில். இடைப்பட்ட தூரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்.

எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, மேற்கு அண்டார்க்டிகாவின் பனிவிரிப்புப் பகுதியில் 138 எரிமலைகள் இருக்கின்றன. அவற்றில் 91 அதற்கு முன் அறியப்படாதவை. இந்த ஆய்வு வேண்டும் என்ற யோசனையை முதலில் முன்வைத்தவர் அப்போது இளநிலைப் பட்டப்படிப்பில் இருந்த ஒரு மாணவர் என்பதை, நீங்களும் மாணவர் என்பதால் குறிப்பிடுகிறேன். பனியை ஊடுருவும் ரேடார் அலைகளை விமானத்திலிருந்து அனுப்பி, அடித்தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு நிலத்தின் வடிவத்தை அறிகிறார்கள். கூம்பு வடிவ மேடுகளைத் தேடிக் கண்டுபிடித்த எண்ணிக்கை அது. அவற்றில் எத்தனை இன்னும் உயிரோடிருக்கின்றன என்பது வேறு கேள்வி. இதே ரேடார் முறை, ஹட்சன் மலைப்பகுதியில் பனிக்குள் புதைந்த ஒரு சாம்பல் படுகையையும் காட்டியது. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் பனியைத் துளைத்து நிகழ்ந்த வெடிப்பின் எச்சம் அது.

வெடிப்பைவிட, அடியிலிருந்து கசியும் வெப்பமே அங்கே கூர்ந்து நோக்க வேண்டியது. அது பனியின் அடிப்பகுதியை நனைத்து வழுக்கலாக்கினால், பனியாறுகள் கடலை நோக்கி விரைந்து நகரக்கூடும்.

புவி வெப்பமடைந்து பனி உருகினால் எரிமலைகள் அதிகமாக வெடிக்குமா? அண்மை ஆண்டுகளில் ஐஸ்லாந்தில் தொடர்ந்து வெடிப்பதற்கு அதுதான் காரணமா?
(வாசகர், புதுச்சேரி)

முதல் பாதிக்கு ஆம், இரண்டாம் பாதிக்கு இல்லை என்பதே நான் தரக்கூடிய நேர்மையான பதில்.

நிலத்தின் ஆழத்தில் பாறை மிகுந்த வெப்பத்தில் இருந்தும் உருகாமல் இருப்பதற்குக் காரணம் மேலிருந்து அழுத்தும் சுமை. சுமை குறைந்தால் அதே வெப்பநிலையிலேயே பாறையின் ஒரு பகுதி உருகும். கடைசிப் பனியூழியின்போது ஐஸ்லாந்து முழுவதும் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடித்த பனியால் மூடப்பட்டிருந்தது. அந்தப் பனி கரைந்த பின்வந்த ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில், அங்கே வெளிவந்த குழம்பின் அளவு இன்றுள்ளதைப் போல முப்பது மடங்குக்கும் அதிகமாக இருந்தது என்பதைப் பாறைகளே காட்டுகின்றன. இன்றும் வாட்னயோகுல் மெலிந்து வருகிறது. சுமை குறைவதால் அதைச் சுற்றியுள்ள நிலம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வரை உயர்ந்துகொண்டிருப்பதைச் செயற்கைக்கோள் வழி அளவீடுகள் பதிவு செய்கின்றன. ஆகவே ஆழத்தில் கூடுதலான குழம்பு உருவாகிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஆழத்தில் உருவான குழம்பு மேலே வந்து சேர நெடுங்காலம் பிடிக்கும்.

2021 முதல் செய்திகளில் வரும் வெடிப்புகள் நிகழ்வது ரெய்க்யானஸ் தீபகற்பத்தில். அங்கே பனியாறே கிடையாது. நிலத்தட்டுகள் விலகும் எல்லையில் அந்த நிலப்பகுதி அமைந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அமைதியாக இருந்து, பிறகு விழித்துக்கொள்வது அதன் இயல்பு. நல்ல காரணத்துக்காகப் பேசுபவர்கள்கூட இந்த இரண்டையும் கலந்து பேசிவிடுகிறார்கள். அப்படிப் பேசுவது உண்மையான வாதத்தையே பலவீனப்படுத்தும்.

பனியூழிக் காலத்தில் பனி எவ்வளவு தடிமனாக இருந்தது என்பதை எப்படி அறிகிறார்கள்?
(வாசகி, தஞ்சாவூர்)

பல வழிகள் உண்டு. நம் பொருளுக்குள் நின்று ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஐஸ்லாந்தில் ஹெர்துப்ரெய்த் என்ற மலை இருக்கிறது. உயரம் 1,682 மீட்டர். சுவர் போன்ற செங்குத்தான பக்கங்கள், மேசை போன்ற தட்டையான உச்சி. பனிக்கு அடியில் பிறந்த எரிமலை அது. தொடக்கத்தில் பனியின் பேரழுத்தத்தில் நீர் ஆவியாகி வெடிக்க முடியாததால், குழம்பு தலையணைகளை அடுக்கியது போல உருண்டை உருண்டையாக உறைந்தது. மலை வளர்ந்து, மேலே அழுத்தம் குறைந்ததும் வெடித்துச் சிதறிக் கண்ணாடித் துகள்களாகக் குவிந்தது. கடைசியில் உருகுநீரின் மட்டத்தைத் தாண்டித் தலைகாட்டியபோது, சாதாரண எரிமலை போலக் குழம்பு வழிந்து மேலே தட்டையான மூடியாகப் படிந்தது. சுற்றிலும் தாங்கி நின்ற பனி பின்னாளில் கரைந்துபோக, மலை மட்டும் நிற்கிறது. அந்த மூடி தொடங்கும் உயரத்தை அளந்தால், அன்று பனிக்குள் நீர் எந்த மட்டத்தில் நின்றது என்பது தெரியும். அதிலிருந்து பனியின் தடிமனைக் கணிக்கலாம். கனடாவிலும் இதே வடிவ மலைகள் உள்ளன. அங்குள்ள ஒன்றின் பெயரால் இவ்வகை மலைகளைத் தூயா என்று அழைக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடங்களை எப்படிக் கண்காணிக்கிறார்கள்? மனிதர்கள் அங்கே போக முடியுமா?
(வாசகர், நாகர்கோவில்)

ஐஸ்லாந்து வானிலை அலுவலகம் நில அதிர்வுமானிகளையும், பனியின் மேற்பரப்பு ஏறி இறங்குவதை அளக்கும் கருவிகளையும் வைத்திருக்கிறது. எனக்கு மிகவும் வியப்பூட்டுவது ஆறுகளில் நடக்கும் எளிய சோதனை ஒன்றுதான். பனி உருகி வரும் நீர் தூய்மையானது, அதில் மின்சாரம் எளிதில் பாயாது. எரிமலையின் வெப்பத்தோடு கலந்த நீரில் தாது உப்புகள் கரைந்திருப்பதால் மின்சாரம் கூடுதலாகப் பாயும். எனவே பனியாற்றிலிருந்து வரும் ஆற்றின் மின்கடத்துதிறன் உயரத் தொடங்கினால், மேலே எங்கோ ஏரி கசிகிறது என்று பொருள். கருவிகள் வருவதற்கு முன்பு அங்குள்ள விவசாயிகளுக்கு மூக்கே கருவி. ஆற்றோரம் அழுகிய முட்டை நாற்றம் வீசினால் வெள்ளம் வரப்போகிறது என்று அறிந்துகொண்டார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் நாற்றம் அது.

மனிதர்கள் போகவும் செய்கிறார்கள். கிரிம்ஸ்வோட்ன் பெருங்குழியை 1919இல் கண்டறிந்தவர்கள், வாட்னயோகுல்லைக் கடந்து சென்ற இரண்டு சுவீடன் நாட்டு இளைஞர்கள். வெண்பனியின் நடுவே ஆவி கிளம்பும் பள்ளத்தின் விளிம்பில் திடீரென்று வந்து நின்ற அவர்களின் உணர்வை என்னால் கற்பனை செய்ய மட்டுமே முடிகிறது. இன்று அந்தக் குழியின் தென்விளிம்பில், 1,700 மீட்டர் உயரத்தில், ஐஸ்லாந்து பனியாற்றியல் சங்கத்தின் குடில்கள் நிற்கின்றன. ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் சங்கத்தின் தன்னார்வலர்களும் ஆய்வாளர்களும் பனிவண்டிகளில் அங்கே சென்று, ஏரியின் மட்டத்தையும் குளிர்காலத்தில் விழுந்த பனியின் அளவையும் அளந்து வருகிறார்கள். அந்தக் குடில்களுக்கு வெப்பம் எரிமலையிலிருந்தே கிடைக்கிறது. அருகில் தரையிலிருந்து வரும் ஆவியைப் பயன்படுத்தும் ஒரு நீராவிக் குளியலறையும் உண்டு. பகலெல்லாம் பனியில் அளவெடுத்துத் திரும்புபவர்கள் மாலையில் அங்கே உட்கார்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறார்கள்.